ஒரு ஏக்கர் போதுமா? நெல்லையில் தீயணைப்பு நிலையமும் 108 நிலையமும் கட்டும்போது பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: மாநகராட்சியின் விளிம்பில் வளர்ந்துவரும் ஒரு பகுதிக்கு, ஒரே வளாகத்தில் தீயணைப்பு நிலையமும் 108 ஆம்புலன்ஸ் நிலையமும் வேண்டும். ஒரு ஏக்கர் அரசு நிலம் கண்ணில் பட்டிருக்கிறது. அது போதுமா, என்னென்ன பார்க்க வேண்டும்?

போதும். ஆனால் ஏக்கரைக் கேட்பதற்கு முன்னால் சாலையோரம் முகப்பு எத்தனை அடி என்று கேளுங்கள். மூன்று தீயணைப்பு வண்டிகள் பக்கம்பக்கமாக நிற்க, ஒன்றுக்கு 5 மீட்டர் வீதம் 15 மீட்டர். இரண்டு ஆம்புலன்ஸுக்கு 8 மீட்டர். நடுவில் கட்டுப்பாட்டு அறை 4 மீட்டர். பக்கவாட்டில் வண்டி பின்புறம் சுற்றி வர 6 மீட்டர் பாதை. சுவர் ஓர இடைவெளிகளையும் சேர்த்தால் 40 மீட்டர், அதாவது சுமார் 130 அடி. முகப்பு 60 அடியும் ஆழம் 700 அடியுமாக நீண்டு கிடக்கும் ஒரு ஏக்கரும் ஏக்கர்தான். அதில் கல்யாண மண்டபம் கட்டலாம், தீயணைப்பு நிலையம் கட்டினால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்பது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பின்னால் நிற்பதும் வெளியே வராது.

அரசு வழிகாட்டிகள் சொல்லும் பரப்பளவு இதைவிடத் தாராளமானது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் 2014 ஆம் ஆண்டு திட்டமிடல் வழிகாட்டியின்படி 2 லட்சம் பேருக்கு ஒரு நிலையம், 5 முதல் 7 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும். குடியிருப்புகளோடு சேர்ந்த நிலையத்துக்கு 1 ஹெக்டேர், குடியிருப்பு இல்லாத துணை நிலையத்துக்கு 0.6 ஹெக்டேர். நம் கணக்கில் முறையே 247 சென்ட், 148 சென்ட். வண்டிகளின் எண்ணிக்கைக்கு வேறொரு கணக்கு உண்டு: 3 லட்சம் பேர் வரை 50,000 பேருக்கு ஒரு பம்ப் வண்டி, அதற்கு மேல் ஒவ்வொரு லட்சத்துக்கும் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை 4.73 லட்சம். முதல் 3 லட்சத்துக்கு 6, மீதிக்கு 2, ஆக 8 வண்டி. அதற்குப் பிறகு கே.டி.சி. நகர், பெருமாள்புரம், ரெட்டியார்பட்டிச் சாலைப் பக்கம் எவ்வளவு வீடு எழும்பியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த எண்களை மனுவில் எழுதுங்கள், இடத்தை மட்டும் இவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கான வழிகாட்டிகள் நகருக்குள் 5 முதல் 7 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். அழைப்பை வாங்கி முகவரி தெரிந்துகொள்ள 1 நிமிடம். மணி அடித்ததிலிருந்து உடுப்பு மாட்டி வண்டி நகர 80 விநாடி. இது அமெரிக்கத் தர அளவு, நம் ஊரில் நல்ல நிலையமும் எட்டக்கூடியதுதான். 7 நிமிடத்தில் மிச்சம் 4 நிமிடம் 40 விநாடி. டவுன் பக்கம் சராசரி 25 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 2 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. புறவழிச்சாலையில் 40 கிலோமீட்டர் என்றால் 3 கிலோமீட்டர். ஆக, வரைபடத்தில் காம்பஸ் வைத்து 7 கிலோமீட்டர் வட்டம் போட்டு 'எல்லாம் அடங்கிவிட்டது' என்று சொன்னால், அந்த வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறவர்களுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

திருநெல்வேலியில் வட்டம் இன்னொரு வகையிலும் பொய் சொல்லும். நடுவில் தாமிரபரணி. டவுனும் ஜங்ஷனும் ஒரு கரை, பாளையங்கோட்டை மறுகரை. 1843 இல் திறந்த சுலோசன முதலியார் பாலமும், பக்கத்தில் பின்னால் வந்த பாலமும்தான் நகரின் கழுத்து. அங்கே ஒரு பஸ் பழுதாகி நின்றால் கொக்கிரகுளத்திலிருந்து எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், வண்டி மட்டும் போய்ச் சேராது. ஆற்றோடு ரயில் பாதைகளும் குறுக்கே ஓடுகின்றன. குலவணிகர்புரம் கேட் மூடிக் கிடக்கும் நேரத்தில் மேலப்பாளையத்துக்கும் பாளைக்கும் இடையிலான தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில் அர்த்தமில்லை. அதனால் ஆற்றையும் தண்டவாளத்தையும் எல்லைக்கோடாக வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது ஒரு சிறு நிலையம் வேண்டும் என்று கேளுங்கள். பேட்டையிலும் பாளையிலும் நிலையம் இருக்கிறது என்பது இடையில் இருப்பவர்களுக்குப் பதில் ஆகாது. உத்தேச இடத்திலிருந்து காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஒரு லாரியில் நான்கு திசையும் ஓட்டிப் பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பைக்கில் ஓட்டிப் பார்ப்பது ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை.

டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதிகளின் விஷயம் தனி. ஆனித் தேரோட்டத்தின்போது பெரிய வண்டி உள்ளே நகரவே முடியாது. மற்ற நாட்களிலும் சந்துகள் 8, 10 அடிதான். அங்கே 4,500 லிட்டர் வண்டியை நம்புவதைவிட, 300 முதல் 500 லிட்டர் தண்ணீரும் உயர் அழுத்த பம்பும் உள்ள சிறு வண்டி ஒன்றை அந்தப் பக்கத்து நிலையத்தில் வைப்பது நல்லது. அதற்காகவே மூன்று கூண்டில் (ஒரு வண்டி நிற்கும் இடம்தான் கூண்டு) ஒன்றைச் சிறிதாகக் கட்டிவிடாதீர்கள். வண்டி மாறும், கட்டடம் மாறாது.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் என்னவாயின என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மீட்புக்குப் போக வேண்டிய வண்டியே இடுப்பளவு தண்ணீரில் நின்றால் என்ன செய்வது? 1992, 2023 இரண்டு வெள்ளத்தின் தடயமும் அக்கம்பக்கத்துச் சுவர்களில், பெரியவர்களின் நினைவில் இருக்கும். இரண்டில் உயர்ந்ததை எடுத்து, அதற்கு 2 அடி மேலே வண்டிக்கூடத் தரைமட்டம் வரட்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தரையை உயர்த்தினால் வண்டி இறங்கும் சரிவு கூடும். 20க்கு 1 என்ற சரிவுக்கு மேல் போகக் கூடாது. போனால் 4.5 டன் தண்ணீரைச் சுமந்த வண்டியின் பின்பகுதி சாலையில் உரசும், திரும்பி வரும்போது ரிவர்ஸில் ஏற கிளட்ச் கருகும். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே 12 மீட்டர் இருந்தால் 60 சென்டிமீட்டர்தான் உயர்த்த முடியும். 1.2 மீட்டர் உயர்த்த வேண்டிய இடம் என்றால் 24 மீட்டர் முன்தளம் தேவை, ஒரு ஏக்கரில் அது கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிடுவதே மேல். நிலையத்தை மேட்டில் வைத்தாலும், அங்கிருந்து வெளியேறும் சாலை வெள்ளத்தில் மூழ்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, நம் பக்கத்தில் சும்மா கிடக்கும் அரசு நிலத்தின் பெயர் 'குளம்' என்று முடிந்தால், அது ஏன் சும்மா கிடக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டை (கிராம நிலப் பதிவேடு) பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் நீதிமன்றத்தில் நிற்காது, மழையிலும் நிற்காது.

மண்ணும் இடத்துக்கு இடம் வேறு. பாளை ஹைகிரவுண்ட் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே சரளையும் பாறையும். அஸ்திவாரச் செலவு குறைவு, செப்டிக் டேங்க் தோண்டத்தான் அழ வேண்டும். மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல். கரிசல் மழையில் ஊதும், சித்திரையில் வெடிக்கும். கட்டடத்தை அடிப்பகுதி விரிந்த பைல் போட்டு நிறுத்திவிடுவார்கள், வண்டி நிற்கும் தரையை மறந்துவிடுவார்கள். தரைக்கடியிலும் குறைந்தது ஒரு மீட்டர் கரிசலை அள்ளிவிட்டு, கிராவலை 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். அதன்மேல் 150 மில்லிமீட்டர் பிளெயின் கான்கிரீட், அதன்மேல் கம்பி கட்டிய 200 மில்லிமீட்டர் எம்30 தரக் கான்கிரீட். ஒரு வண்டியின் பின் அச்சில் மட்டும் 10 டன் வரை இறங்குகிறது. அது நாள் முழுக்க, வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது. சாலை மாதிரி உருண்டு போய்விடும் பாரம் இல்லை.

தரை பழுதாகும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடம்தான்: ஷட்டருக்கு நேர் கீழே, கூடத்தின் தரையும் முன்தளமும் சேரும் கோடு. பிளிந்த் பீமுக்கு (சுவரைத் தாங்கும் தரைமட்ட உத்தரம்) வெளியே தோண்டிய பள்ளத்தைக் கையில் கிடைத்த மண்ணைப் போட்டு மூடி, இரண்டு மிதி மிதித்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் முன்தளம் ஒன்றரை அங்குலம் இறங்கும், அங்கே ஒரு படி உருவாகும். ஒவ்வொரு முறை வண்டி இறங்கும்போதும் அந்த விளிம்பு நொறுங்கும், தண்ணீர் உள்ளே போகும், இன்னும் இறங்கும். இரண்டு தளங்களையும் 25 மில்லிமீட்டர் கம்பி முளைகளால், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கோத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தரையில் டைல்ஸ் வேண்டவே வேண்டாம். வெள்ளை வெளேரென்று திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும், ஈரக் காலோடு ஓடுகிறவர் இடுப்பு முறியும். வாசலை நோக்கி 100க்கு 1 சரிவு, வாசலுக்குச் சற்று உள்ளே வார்ப்பிரும்பு மூடி போட்ட வடிகால், அது கழிவுநீரில் சேருமுன் எண்ணெய் பிரிக்கும் தொட்டி. இவ்வளவுதான் தரை.

வாசல் திறப்பு அகலம் 4 மீட்டர், உயரம் 4.25 மீட்டர். இது ஷட்டர் சுருண்ட பிறகு கிடைக்க வேண்டிய உயரம். வரைபடத்தில் பீமின் அடிவரை 4.25 என்று போட்டு, ஷட்டர் சுருள் கீழே தொங்கி 45 சென்டிமீட்டரைத் தின்றுவிட்ட இடங்கள் உண்டு. அன்றைக்கு இருக்கும் வண்டி நுழைந்துவிடும், பிறகு வாங்கும் உயரமான மீட்பு வண்டி வெளியே வெயிலில் நிற்கும். இவ்வளவு பெரிய ஷட்டரைச் சங்கிலி இழுத்துத் தூக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மோட்டார் வைத்தால் கரண்ட் போகும்போது கையால் திறக்கும் வழியும் இருக்க வேண்டும், அதை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மடங்கித் திறக்கும் கதவு இன்னும் வேகம், ஆனால் ஆடிக்காற்றில் கொக்கி சரியில்லை என்றால் வண்டியில் வந்து அறையும். உண்மையில் நம் வெயிலுக்குப் பகல் முழுக்க வாசல் திறந்தேதான் இருக்கும். அதனால் வாசலை மேற்கே வைக்காதீர்கள். வடக்கு அல்லது தெற்கு பார்க்கட்டும், மேலே 2 மீட்டர் சன்ஷேடு நீளட்டும். மாலை வெயில் தினமும் டயரிலும் ரப்பர் ஹோஸிலும் விழுந்தால் ஓடாமலே வெடிப்பு விடும். வாசல் தூண்கள் நான்கிலும் கான்கிரீட் நிரப்பிய 6 அங்குலக் குழாயை ஒரு மீட்டர் உயரத்துக்கு நட்டுவிடுங்கள். இல்லையென்றால் தூணின் முனை முதல் வருடமே போய்விடும்.

வாசலுக்கு வெளியேதான் பாதி நேரம் வீணாகிறது. நான்குவழிச் சாலையில் நிலையத்துக்கு நேரே மீடியனில் திறப்பு இல்லை என்றால் வண்டி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். இந்தத் திறப்புக்கு நெடுஞ்சாலைத் துறையிடம் கட்டட அனுமதியோடு சேர்த்தே விண்ணப்பியுங்கள், பிறகு கேட்டால் வருடக்கணக்காகும். எதிரே பஸ் நிறுத்தம், வாசலில் வேகத்தடை, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி மூன்றும் கூடாது. மஞ்சள் கட்டம் வரைந்தாலும் ஆட்டோவும் டீக்கடை பெஞ்சும் வந்து சேரும், அதற்குக் கட்டடக்கலையில் மருந்து கிடையாது. முன்னால் பாளையங்கால்வாயோ வேறு வாய்க்காலோ ஓடினால், அதன்மேல் போடும் சிலாபைக் கார் போகும் சிலாப் மாதிரி போட்டுவிடாதீர்கள். சாலைப் பாலத்துக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வகுத்த கிளாஸ் ஏ பாரத்துக்கே வடிவமைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர். தீயணைப்பு வண்டியின் 4,500 லிட்டர் என்பது இரண்டு குழாயில் அடித்தால் சுமார் 5 நிமிடம். அப்புறம் நிரப்ப வர வேண்டும். 5 குதிரைத்திறன் போர் மோட்டாரை நேரே வண்டியில் விட்டால் இருபது நிமிடம் ஓடும். அதனால் தரைக்கடியில் 50,000 லிட்டர் சம்ப், அதிலிருந்து ஏற்றும் 20,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, அதன் அடித்தளம் தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில். தொட்டியிலிருந்து வண்டிக்கு இறங்கும் குழாய் 4 அங்குலம் இருந்தால் நான்கு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும், கரண்டே வேண்டாம். பிளம்பர் வழக்கப்படி 2 அங்குலம் போட்டுவிட்டால் அதே தொட்டி, அதே உயரம், கால் மணி நேரம் ஆகும். சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். முனையில் 63 மில்லிமீட்டர் கப்ளிங் வையுங்கள், வண்டியின் ஹோஸ் நேரே மாட்டிக்கொள்ளும். சம்பில் வண்டி தானே உறிஞ்சிக்கொள்ள ஒரு மேன்ஹோலும் பக்கத்தில் நிற்க இடமும் வேண்டும்.

வண்டிக்கூடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு இணைப்பு கட்டாயம். ஒன்று பேட்டரி சார்ஜருக்கான மின்சாரம். மற்றது காற்று. ஏர் பிரேக் வண்டி இரவெல்லாம் நின்றால் டேங்கில் காற்று மெல்லக் கசிந்துவிடும். ஸ்டார்ட் செய்த பிறகு காற்று ஏறி பிரேக் விடும்வரை வண்டி நகராது, இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே உறுமிக்கொண்டு நிற்கும். 80 விநாடியில் உடுப்பு மாட்டியவர்கள் அதற்குள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சிறு கம்ப்ரசரும், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் காற்றுக் குழாயும் இருந்தால் இந்த நேரம் முழுதும் மிச்சம். வாங்கும் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

ஓய்வறையைக் கூடியவரை தரைத்தளத்திலேயே, கூடத்துக்கு ஒரு கதவு தூரத்தில் வையுங்கள். மாடியில்தான் முடியும் என்றால் நேரான, 1.5 மீட்டர் அகலப் படி. திருப்பம் உள்ள படியில் இரவு 2 மணிக்கு ஓடிப் பார்த்தால் தெரியும். மணி அடித்ததும் வழியெங்கும் விளக்கு தானே எரிய வேண்டும், அடுப்பின் கேஸ் வால்வு தானே மூட வேண்டும். அழைப்பு வரும்போது உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். டீசல் புகை படுக்கைக்கு வராதபடி நடுவே இரண்டு கதவு. பெண் வீரர்களுக்கான அறையும் கழிப்பறையும் இப்போதே கட்டிவிடுங்கள், பிறகு ஸ்டோர் ரூமைப் பிரித்துக் கொடுக்கும் நிலை வேண்டாம். தீயில் போய்வந்த உடுப்பைத் துவைக்கத் தனி இடம், அது சமையலறை வழியில் வரக் கூடாது. ஹோஸ் காயவைக்க உயரமான கோபுரம் அவசியமில்லை. இப்போதைய ஹோஸ்களுக்கு நிழலில் சாய்ந்த சட்டம் போதும், நம்மூர்க் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நான்கு மாடி உயரக் கோபுரம் கட்டினால் அது கயிறு, ஏணிப் பயிற்சிக்காக இருக்கட்டும். கிணற்றில் விழுந்த ஆடு மாடு, படித்துறையில் மூழ்கியவர், வீட்டுக்குள் பாம்பு என்று நெல்லைப் பக்கம் மீட்பு அழைப்புகள் ஏராளம். அதனால் கயிறு, ரப்பர் படகு, மூச்சுக்கருவி வைக்கும் அறை கூடத்திலிருந்தே திறக்க வேண்டும். பயிற்சிக் கிணறு ஒன்று வளாகத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது.

கட்டமைப்புப் பொறியாளரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893 இல் தீயணைப்பு நிலையத்துக்கான முக்கியத்துவக் காரணி 1.5. காற்றுப் பாரத்துக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில், கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டிய கட்டடத்துக்குக் காற்றுக் காரணி 1.30. நெல்லைக்குக் கடல் இல்லை என்று நினைப்போம், ஆனால் தூத்துக்குடிக் கரை நேர்கோட்டில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. சாதாரண அலுவலகக் கட்டடத்தின் வரைபடத்தை எடுத்து அப்படியே போட்டால் இரண்டும் விட்டுப்போகும். ஜெனரேட்டரும் மின்பலகையும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். சொல்லுங்கள்.

இனி 108. இதை ஒரே வளாகத்தில் வைப்பதில் இடமும் காவலும் மிச்சம், ஆனால் வாசல் தனியாக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஒரு நாளில் பலமுறை போய்வரும், அது தீயணைப்பு வண்டியின் முன்தளத்தில் நின்றால் இரண்டும் கெடும். கூண்டு 4 மீட்டருக்கு 7.5 மீட்டர், கூரை அவசியம். மருந்துகளில் பல 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. பங்குனி வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நிழலும், வண்டிக்கு 16 ஆம்பியர் பிளக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் அறை காற்றோட்டமாக, வெளிப்பக்கம் திறப்பதாக, கிரீஸ், ஆயில் வைக்கும் இடத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். ரத்தம் படிந்த வண்டியைக் கழுவ 1 சதவீத ஹைப்போகுளோரைட், அந்தத் தண்ணீருக்குத் தனி வடிகால். மருத்துவக் கழிவுக்கான மஞ்சள், சிவப்புப் பை, ஊசிக்கான துளையாத டப்பா எல்லாம் பூட்டும் அறையில், 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பைலட்டுக்கும் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) மருத்துவ உதவியாளருக்கும் 12 மணி நேரப் பணி. ஒரு கட்டில், ஒரு குளியலறை, பெண் ஊழியருக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை. மரத்தடியில் வண்டியை நிறுத்தி அதற்குள்ளேயே தூங்கும் நிலைக்கு இது மாற்று.

ஆனால் ஆம்புலன்ஸுக்குப் பெரிய நிலையம் ஒன்றைவிடச் சிறு இடங்கள் பல இருப்பதே பயன். 5 சென்டில் ஒரு கூண்டும் ஓய்வறையும் போதும். புறவழிச்சாலையில் விபத்து மாலையிலும் நள்ளிரவிலும் கூடுகிறதென்றால் அந்த நேரத்துக்கு வண்டியை அங்கே நகர்த்தலாம். அழைப்பை வாங்கி வண்டியை ஒதுக்குவது சென்னைக் கட்டுப்பாட்டு அறை, எந்தக் கட்டடத்தில் நிற்கிறது என்பது அதற்கு முக்கியமில்லை. எனவே உங்கள் மனுவில் ஒரு ஏக்கரோடு சேர்த்து, தாழையூத்துப் பக்கம் ஒன்று, ரெட்டியார்பட்டிப் பக்கம் ஒன்று என்று இரண்டு 5 சென்ட் இடங்களையும் கேட்டுவிடுங்கள்.

நடைமுறையில் முதலில் வருவாய்த் துறையிடம் நில ஒதுக்கீடு, அது முடியும்வரை முன்நுழைவு அனுமதி (ஒதுக்கீட்டு ஆணை வருமுன்பே நிலத்தில் இறங்கும் அனுமதி), பிறகு மண் பரிசோதனை, அப்புறம்தான் வரைபடம். கட்டுவது பெரும்பாலும் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம். கட்டி முடித்து ஒப்படைக்கும் நாளில் ரிப்பன் வெட்டுவதற்கு முன் நான்கு சோதனை வையுங்கள். தண்ணீர் நிரம்பிய வண்டியை ஒவ்வொரு கூண்டிலும் ஏற்றி இறக்குங்கள். மெயினை அணைத்துவிட்டு ஷட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். காலி வண்டியைத் தொட்டியிலிருந்து நிரப்பி நிமிடத்தைப் பாருங்கள். ஓய்வறையில் ஆட்களைப் படுக்கவைத்து மணி அடித்து, முன் டயர் சாலையைத் தொடும்வரை விநாடியை எண்ணுங்கள். தவறினது சரியாகும்வரை ஒப்பந்ததாரரின் பிடித்தத் தொகை பிடித்தபடியே இருக்கட்டும்.